விதியா? விலையா?
1929-இல் விழுந்த பங்குச் சந்தையும் நம் தோட்டங்களும்



பரிசளிப்பு விழா மலரிலே பங்குச் சந்தையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பங்குப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத நமக்கும் அந்தச் சந்தைக்கும் என்ன உறவு என்றும் கேட்கலாம். உறவு இருக்கிறது. 1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பங்குகளின் விலை விழுந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நெகிரி செம்பிலானில் பால் வெட்டிக் கொண்டிருந்த நம் பாட்டன் பாட்டிமாரின் கூலி குறைந்தது. பலர் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள்.

நம் வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: “பெரிய பாட்டன் அந்தக் காலத்திலே ஊருக்குப் போனவருதான். அப்புறம் திரும்பியே வரலே. எல்லாம் தலையெழுத்து.” தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி இல்லை. ஆனால் வரலாறு படிக்கிறவன் கேள்வி கேட்க வேண்டும். அந்த எழுத்தை எழுதியது யார்? எங்கே எழுதினார்கள்? எந்த விலைப்பட்டியலில் எழுதினார்கள்? அதைப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

பங்கு என்றால் என்ன?

ஒரு தோட்டம் போடப் பெரும் பணம் வேண்டும். ஒருவரிடம் அவ்வளவு பணம் இருக்காது. ஆகவே ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, அதன் முதலைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் பங்கு. கம்பெனிக்கு லாபம் வந்தால் பங்குக்காரருக்கு லாப ஈவு கிடைக்கும். பங்கை வேறு ஒருவருக்கு விற்கவும் செய்யலாம். அப்படி வாங்கவும் விற்கவும் கூடும் இடமே பங்குச் சந்தை.

இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. நம் லிங்கியின் பெயரைத் தாங்கிய தோட்டக் கம்பெனியின் பங்குகள், 1910-ஆம் ஆண்டு ரப்பர் விலை உச்சத்தில் இருந்தபோது, லண்டன் மாநகரில் போட்டி போட்டுக் கொண்டு வாங்கப்பட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ரப்பர் மரத்தைப் பார்த்தவர்கள் அல்லர். விடியலில் பெரட்டுக்கு நின்றவர்களும் அந்தப் பங்கைப் பார்த்தவர்கள் அல்லர். மரம் இங்கே இருந்தது, அதன் சொந்தக்காரர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

பசுமாட்டுக் கணக்கு

1920-களில் அமெரிக்கா செழித்தது. கார், வானொலி, மின்சாரச் சாமான்கள் எல்லாம் மலை மலையாக உற்பத்தியாயின. பங்கு விலைகளும் ஏறின. “இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு இரட்டிப்பு” என்ற ஆசை பிடித்தது. கையில் பணம் இல்லாதவர்களும் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். இதை மாணவர்களுக்குப் புரியும்படி ஒரு மாட்டுக் கணக்காகச் சொல்கிறேன்.

ஒரு பசுமாட்டின் விலை 100 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். உங்களிடம் 10 வெள்ளிதான் இருக்கிறது. மீதி 90 வெள்ளியைத் தரகர் கடனாகத் தருகிறார். அந்த மாடே ஈடு. மாட்டின் விலை 120 ஆனால் விற்றுக் கடனை அடைத்து, 10 வெள்ளி போட்ட நீங்கள் 30 வெள்ளி எடுக்கலாம். நல்ல வேலைதான்! ஆனால் மாட்டின் விலை 88-க்கு இறங்கினால்? உங்கள் 10 வெள்ளி போனது போக, தரகரின் பணத்துக்கே 2 வெள்ளி மோசம். “உடனே பணம் கட்டு, இல்லாவிட்டால் மாட்டை விற்பேன்” என்பார். ஊரில் எல்லோரும் இப்படியே வாங்கியிருந்தால், ஒரே நாளில் எல்லா மாடுகளும் சந்தைக்கு வந்து சேரும். வாங்க ஆள் இருக்காது. 88 வெள்ளி மாடு 50-க்கும் போகாது.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். பலர் பத்தில் ஒரு பங்கு பணத்தை மட்டும் கட்டிப் பங்கு வாங்கினார்கள். 1929-இல் இப்படிப் பங்கு வாங்குவதற்காகத் தரகர்கள் மூலம் புரண்ட கடன் 800 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் தொழிலாளியின் சம்பளமும் விவசாயியின் வருமானமும் அந்த வேகத்தில் ஏறவில்லை. செய்து குவித்த பொருளை வாங்க ஆட்கள் குறைந்து கொண்டே வந்தார்கள். பங்கு விலை மட்டும் ஆகாயத்தை நோக்கிப் போனது.

கறுப்பு வியாழனும் கறுப்புச் செவ்வாயும்

நியூயார்க் பங்கு விலைகளை அளக்க டவ் ஜோன்ஸ் என்று ஒரு குறியீட்டு எண் உண்டு. 1929 செப்டம்பர் 3-ஆம் தேதி அது 381-ஐத் தொட்டது. அதுவே உச்சம். அக்டோபர் 24-ஆம் தேதி வியாழக்கிழமை கூட்டங் கூட்டமாக விற்கத் தொடங்கினார்கள். பெரிய வங்கிக்காரர்கள் ஒன்றுகூடித் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. 28-ஆம் தேதி திங்கட்கிழமை ஒரே நாளில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு விழுந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை மேலும் 12 பங்கு விழுந்தது. அன்று மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின. 1932 ஜூலை 8-ஆம் தேதி அந்த எண் 41-க்கு வந்து நின்றது. அதாவது 100 வெள்ளிப் பொருள் 11 வெள்ளியாகப் போச்சு!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தை விழுந்தது மட்டுமே எல்லாக் கேட்டுக்கும் காரணம் அல்ல. அதைத் தொடர்ந்து 1930-க்கும் 1933-க்கும் இடையில் அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1930-இல் அந்நாடு இறக்குமதி வரிகளை உயர்த்தியது. மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. உலக வணிகமே சுருங்கியது. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் நின்றார். சந்தை வீழ்ச்சி முதல் இடி, பின்னால் வந்தது பெருமழை.

அங்கே கார் நின்றது, இங்கே மங்கு காய்ந்தது

வகுப்பில் இதைச் சொன்னபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “சார், அமெரிக்காவிலே பங்கு விழுந்தா நம்ம பால் மரத்துக்கு என்ன சார்?” என்று கேட்டான். சரியான கேள்வி. அதற்கு விடை காரின் சக்கரத்தில் இருக்கிறது.

அக்காலத்தில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதியை மலாயா உற்பத்தி செய்தது. உலக ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்கா வாங்கியது. வாங்கியதில் பெரும்பகுதி கார், லாரி டயர்களுக்குப் போயிற்று. 1929-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் சுமார் 53 லட்சம் கார்களும் லாரிகளும் செய்தன. 1932-இல் செய்தது சுமார் 13 லட்சம்தான். வேலை போனவன் கார் வாங்குவானா? கார் விற்காவிட்டால் டயர் எதற்கு? டயர் வேண்டாம் என்றால் ரப்பர் எதற்கு? ரப்பர் வேண்டாம் என்றால் ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் பால் வெட்ட ஆள் எதற்கு? சங்கிலியின் ஒரு முனையை நியூயார்க்கில் ஆட்டினால் மறுமுனை நம் லயத்து வாசலில் ஆடியது.

ரப்பருக்கு ஏற்கனவே சளி பிடித்திருந்தது, 1929-இல் அது காய்ச்சலாகிவிட்டது என்று சொல்லலாம். 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசு ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதனால் 1925-இல் ஒரு ராத்தல் ரப்பரின் விலை லண்டனில் 4 ஷில்லிங்கைத் தாண்டி, நம் கணக்கில் 2 வெள்ளி வரை போயிற்று. கட்டுப்பாட்டில் சேராத டச்சு இந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், இந்த விலையைப் பார்த்து ஏராளமாக நட்டார்கள். 1928 நவம்பரில் கட்டுப்பாடு நீங்கியது. ரப்பர் எங்கும் பெருகியது. அந்த நேரம் பார்த்துத்தான் வாங்குகிறவன் படுத்துவிட்டான்.

மலாயாவில் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலையைப் பாருங்கள். 1929-இல் சுமார் 34 காசு. 1930-இல் 19 காசு. 1931-இல் 10 காசு. 1932-இல் 7 காசு. 1932-இன் நடுவில் 5 காசுக்கும் வந்துவிட்டது.

மாணவர்களே, ஒரு சிறு கணக்கு. ஒருவர் நாளொன்றுக்கு 10 ராத்தல் காய்ந்த ரப்பருக்கான பால் எடுத்தார் என்று வைத்துக் கொள்வோம். 1929-இல் அதன் விலை 3 வெள்ளி 40 காசு. 1932-இல் 70 காசு. அதே மரம், அதே உளி, அதே காண்டா வாளி, அதே வியர்வை. மாறியது எதுவோ அது தொழிலாளியிடம் இல்லை.

கூலி இறங்கிய கதை

1929 வாக்கில் நெகிரி செம்பிலான் சேர்ந்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் இது 40 காசு, 32 காசு என்று குறைக்கப்பட்டது. நிலைமை மோசமாக மோசமாக, 1932-இல் ஆணின் கூலியே 30 காசுக்குக் கீழே போனது. கணவனும் மனைவியும் சேர்ந்து 90 காசு கொண்டு வந்த வீட்டுக்கு, பிறகு 72 காசு, அதற்குப் பிறகு 50 காசு அளவுதான் வந்தது. அதுவும் வேலை கொடுத்த நாட்களுக்கு மட்டும்.

“விலை விழுந்தபோது கம்பெனி எங்கிருந்து கொடுக்கும்?” என்று சிலர் கேட்கலாம். அது ஞாயமான கேள்விதான். 70 காசு வரவில் 50 காசு கூலி கொடுத்தால் உரம், ஆலை, கப்பல் செலவு எப்படி நடக்கும்? ஆனால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1925-இல் ஒரு ராத்தல் 2 வெள்ளிக்கு விற்றபோதுகூடப் பால் வெட்டியவரின் நாள் கூலி ஒரு வெள்ளியைத் தொட்டதில்லை. ஏறும்போது கூலி கூடவே ஏறவில்லை, இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக் கொண்டு கூடவே இறங்கியது. பெண்களின் நிலை இன்னும் மோசம். நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் ஆண் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான் அவர்களுக்கு. மரம் ஆண் பெண் பார்த்துப் பால் சுரக்கவில்லை. கூலிக் கணக்குத்தான் பார்த்தது.

அரிசி விலையும் அப்போது இறங்கியது உண்மை. அதனால் வயிறு ஓரளவு தப்பியது. ஆனால் கடன் மட்டும் மலிவாகவில்லை. 50 காசு கூலியில் வாங்கிய கடனை 28 காசுக் கூலியில் அடைக்க வேண்டும் என்றால் எத்தனை நாள் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கப்பலேறியவர்கள்

அதற்கு முன்பெல்லாம் கங்காணிமார் லைசென்சு வாங்கிக் கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்ப்பார்கள். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கி ஆட்கள் கப்பலேறுவார்கள். 1930 ஆகஸ்டில் இந்த ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிறகு கப்பல்கள் எதிர்த்திசையில் நிறைந்தன.

1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் சுமார் 1,90,000 இந்தியர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்புப்படி மலாயாவில் இருந்த இந்தியர் மொத்தமே ஆறு லட்சத்துக்குச் சற்று மேல்தான். அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பெயர்ச்சி என்பது விளங்கும். லயத்தில் அடுத்தடுத்த வீடுகள் பூட்டப்படுவதை மனக்கண்ணில் பாருங்கள்.

கப்பல் செலவை ஏற்றது இந்தியக் குடியேற்ற நிதி. ஆள் சேர்த்து வருவதற்காகத் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து 1907 முதல் நடத்தப்பட்ட நிதி அது. வேலை இல்லாதவர்களும், குறைந்த கூலிக்கு இசையாதவர்களும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பது ஏற்பாடு. இதில் ஒரு நன்மை இருந்தது. பட்டினியாகத் தெருவில் விடாமல் ஊர் சேர்த்தார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேலையில்லாதவனுக்குச் சோறு போடும் பொறுப்பை இந்த நாட்டின் ஆட்சியும் தோட்டக் கம்பெனிகளும் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டன. அமெரிக்காவில் வேலையிழந்தவனை வேறு நாட்டுக்குக் கப்பலேற்ற முடியவில்லை. ஆகவே 1933-க்குப் பிறகு அங்கே அரசாங்கமே நிவாரண வேலைகள் கொடுத்தது. நம்மவர்களுக்கோ கப்பல் டிக்கெட்டே நிவாரணம்.

பால் மரத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். வெட்டாமல் விட்டால் அது அங்கேயே நிற்கும், விலை ஏறியதும் மறுபடி வெட்டலாம். மனிதனை அப்படி நிறுத்தி வைக்க முடியாது, அவனுக்குத் தினமும் பசிக்கும். அதனால் மரத்தை வைத்துக் கொண்டார்கள், மனிதனை அனுப்பிவிட்டார்கள்.

போன இடத்திலாவது நிம்மதி இருந்ததா? தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்திருந்தது. நிலம் உள்ளவனே கடனில் தத்தளித்தான். நிலம் இல்லாமல் திரும்பியவனுக்கு எங்கே வேலை? 1931-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது. அதில் பெரும்பகுதி குடும்பங்கள் கஷ்டத்துக்கு விற்ற நகைகள். மலாயாவிலேயே பிறந்து ஊரைப் பார்த்திராத பிள்ளைகள் சொந்த ஊருக்கே அகதிகள் போலப் போய் இறங்கினார்கள்.

நாம் மட்டும்தான் துன்பப்பட்டோம் என்று சொல்வது வரலாறு ஆகாது. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 1930 ஆகஸ்டு முதல் சீன ஆடவர்கள் வருவதும் கட்டுப்படுத்தப்பட்டது. மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் அடகு வைத்த நிலத்தை இழக்கும் நிலை வந்தது. அதைத் தடுக்க 1931-இல் ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரச் சின்னத் துரைமார் பலருக்கும் சீட்டுக் கிழிந்தது. பாரத்தை மேலே இருப்பவன் கீழே இருப்பவன் தலையில் இறக்கி வைக்க முடியும். எல்லோருக்கும் கீழே இருந்தவன் இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றான்.

மீண்டும் எழுந்தது எப்படி?

1934-இல் பிரிட்டன், ஹாலந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகிய நாடுகளின் அரசுகள் அனைத்துலக ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் செய்தன. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று பங்கு பிரித்துக் கொண்டார்கள். விலை மெல்ல ஏறியது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவதும் மறுபடி தொடங்கியது. ஆனால் கூலி ஆமை வேகத்தில்தான் ஏறியது. 1936 டிசம்பரில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். பழைய 50 காசும் 40 காசும் திரும்பத் தரப்பட வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. 1937-இல்தான் அது கைக்கு வந்தது. அதாவது 1929-இல் வாங்கிய அதே 50 காசைப் பார்க்க எட்டு ஆண்டு! அடுத்த ஆண்டே விலை சரிந்தது என்று மறுபடி குறைத்தார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் பயணத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடையோடு கங்காணி வழியாக ஆள் வந்த காலம் முடிந்தது. இங்கே தங்கியவர்கள் இந்த மண்ணின் மக்கள் ஆனார்கள். நாம் அவர்கள் வழி வந்தவர்கள்.

கதை அத்தோடு முடியவில்லை

1987 அக்டோபர் 19-ஆம் தேதி நியூயார்க்கில் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் நூற்றுக்கு 22-க்கு மேல் விழுந்தது. கோலாலம்பூர்ச் சந்தையும் சேர்ந்து சரிந்தது. அந்த முறை உலகம் பட்டினியில் விழவில்லை. 1929-இல் கற்ற பாடத்தால் அரசுகளும் மத்திய வங்கிகளும் உடனே பணம் விட்டு வங்கிகளைக் காத்தன. 2008-இல் அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடியால் மறுபடி சந்தைகள் விழுந்தன. கார் விற்பனை படுத்தது. அந்த ஆண்டின் நடுவில் உச்சத்தில் இருந்த ரப்பர் விலை ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே போனது. எண்பது ஆண்டு கழிந்தும் அந்தச் சங்கிலி அப்படியே இருக்கிறது. அதன் கண்ணிகளை நாம் அறிந்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, ஒற்றுமை. 1930-இல் கூலி குறைந்தபோது நம்மவர்கள் சார்பில் மேசையில் உட்கார்ந்து பேச ஒரு தொழிற்சங்கம் இல்லை. 1954-இல்தான் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பிறகு கூலி ஒப்பந்தம் போட்டு நிர்ணயிக்கப்பட்டது.

இரண்டாவது, சேமிப்பு. 1930-இல் ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை. சேமநிதி 1951-இல் வந்தது. சொக்சோவுக்கு 1969-இல் சட்டம் பிறந்தது. வேலை இழந்தவருக்கு உதவும் காப்புறுதித் திட்டம் 2018-இல்தான் தொடங்கியது. இவை எல்லாம் அந்தப் பழைய கப்பல் டிக்கெட்டுக்குப் பதிலாக வந்தவை. உங்கள் முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்த்துக் கொள்ளுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நாமும் பங்குக்காரர் ஆகலாம் என்று அது காட்டியது.

மூன்றாவது, எச்சரிக்கை. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். “ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும்” என்று யாராவது வீட்டு வாசலில் வந்து சொன்னால் பசுமாட்டுக் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, படிப்பு. ஒரே மரத்தை நம்பிய குடும்பம் அந்த மரத்தின் விலையோடு விழுந்தது. இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிள்ளைகளின் கையில் ஒன்றுக்கு இரண்டு தொழில் இருக்க வேண்டும். கஷ்டம் வந்தால் முதலில் பள்ளிக்கூடத்தை நிறுத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தது? எந்தத் தோட்டத்தில் பேர் போட்டார்கள்? 1930-களில் திரும்பிப் போனவர்கள் யார், தங்கியவர்கள் யார்? கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, கிடைத்த ஆண்டுக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் ரப்பர் விலையையும் எழுதுங்கள். தலையெழுத்து என்று பாட்டி சொன்ன ஆண்டுகளில் பல, விலை விழுந்த ஆண்டுகளாக இருப்பதைக் காண்பீர்கள்.

விதியைக் கண்டு அழத்தான் முடியும். விலையைக் கணக்குப் போட முடியும், காரணம் கேட்க முடியும், கூடி நின்று பேச முடியும். அதற்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!